தேதி சொல்வதற்கு முன் ஒரு பெருக்கல்

"இந்தத் தேதிக்குள் முடியுமா?" என்று மேனேஜர் கேட்டால், வேலை எத்தனை கட்டம் தாண்ட வேண்டும் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று பக்கத்தில் போட்டு, எல்லாவற்றையும் பெருக்குங்கள். சராசரி எடுக்க வேண்டாம்.

கொட்டேஷன், ஒப்புதல், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வருவது, பொருத்துவது என ஐந்து கட்டம் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 90 சதவீதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று தாமதமானாலே தேதி போய்விடும், அதனால்தான் பெருக்குகிறோம். 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது 0.59. கிட்டத்தட்ட பத்தில் நான்கு முறை சொன்ன வாக்கு தவறும்! எல்லாம் 80 சதவீதம் என்றால் 33-தான் மிஞ்சும்.

எங்கே நெருக்க வேண்டும் என்பதும் இதில் தெரிந்துவிடும். நான்கு கட்டம் 90, ஒப்புதல் மட்டும் 60 என்றால் மொத்தம் 39. ஒப்புதலுக்கு நேரில் போய் நின்று அதை 90 ஆக்கினால் 59. மற்றவர்களுக்குத் தினமும் போன் போடுவதைவிட இதுவே மேல்.

கட்டங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் இந்தக் கணக்கு சரிவராது. ஐந்தும் ஒரே ஆளின் கையில் இருந்தால், அவர் வந்தால் எல்லாம் நடக்கும், லீவு போட்டால் எல்லாம் நிற்கும். அங்கே பெருக்கினால் வாய்ப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நடுவில் உபரி நாட்கள் விட்டிருந்தாலும் அப்படித்தான். அரை நாள் வேலைக்கெல்லாம் இது தேவையே இல்லை.