ஊர் இல்லாத குடும்பத்தை வரையாதீர்கள்

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ரேமி யூசுஃபும் எழுத்தாளர் பாம் பிரேடியும் சேர்ந்து உருவாக்கிய '#1 ஹேப்பி ஃபேமிலி யுஎஸ்ஏ' என்ற அனிமேஷன் தொடர் 2025 ஏப்ரலில் பிரைம் வீடியோவில் வந்தது. அதற்குப் பிறகு, "படிச்சுப் பாருங்க சார்" என்று என்னிடம் வரும் அனிமேஷன் பைலட் (முதல் எபிசோடு) ஸ்கிரிப்டுகளில் பாதி அதன் சாயலில்தான் இருக்கின்றன. அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு முஸ்லிம் குடும்பம். கண்டிப்பான அப்பா, சதா கவலைப்படும் அம்மா, பள்ளிக்கூடத்தில் ஒரு முகமும் வீட்டில் ஒரு முகமுமாக அல்லாடும் பையன். தப்பில்லை. நல்ல தொடர் ஒன்று வந்தால் நாலு பேருக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் அத்தனை பேரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஒரு காலத்தில் நானும் எழுதித் தள்ளிய அதே அபத்தங்கள் என்பதால் படிக்கும்போதே பல் கூசுகிறது.

வெடிகுண்டு ஜோக் வேண்டாம், ஒட்டக ஜோக் வேண்டாம் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் இதைப் படிக்கவும் போவதில்லை. கீழே தலைப்புகளில் இருப்பவை மற்ற சறுக்கல்கள்.

'முஸ்லிம் குடும்பம்' என்று மட்டும் எழுதுவது

இதைத்தான் நீட்டிப் பேச வேண்டும். காசும் இங்கேதான் போகிறது, என் கோபமும் இன்னும் தீரவில்லை.

சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டுத் தொடர்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது ஸ்கிரிப்டைக் காட்சி காட்சியாகப் படமாக வரைந்து கொடுத்துப் பிழைப்பவன் நான். ஒரு தடவை வந்த ஸ்கிரிப்டில் ஒரு காட்சிக்கு இருந்த விவரம் இவ்வளவுதான்: "முஸ்லிம் வீட்டுச் சமையலறை, மாலை நேரம்." எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், வாடகை வீடா சொந்த வீடா, ஒன்றும் இல்லை. பேக்ரவுண்டு வரைகிற பையன் என்ன செய்வான்? இணையத்தில் தேடினான். வளைவு வைத்த ஜன்னல், செம்புக் கூஜா, மூலையில் ஹூக்கா, சுவரில் பாலைவனப் படம். அமெரிக்க அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியில் ஒரு குட்டி அரண்மனை எழும்பிவிட்டது. கலர் முடியும் வரை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஆலோசகர் ஒருவர் பார்த்து, "இது யார் வீடு?" என்று கேட்டார். அதே சமையலறை அடுத்தடுத்த எபிசோடுகளிலும் வருவதால் மொத்தத்தையும் திரும்ப வரைந்தோம். திட்டு வாங்கியது அந்தப் பையன். எழுதியவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேரடிப் படப்பிடிப்பில் சோம்பேறி எழுத்தாளர் தப்பித்துவிடலாம். நிஜ வீட்டில் கேமரா வைத்தால் ஃபிரிட்ஜின் மேல் இருக்கும் மருந்து டப்பா, பால்கனியில் காயும் துண்டு எல்லாம் தானாகவே ஃபிரேமுக்குள் வந்து விழும். அனிமேஷனில் தானாக வருவது என்று எதுவும் இல்லை. ஒரு டம்ளர் இருந்தால் அதை யாரோ வரைந்திருக்கிறார்கள். நீங்கள் முடிவு செய்யாமல் விட்டதை, உங்களுக்குப் பதில் யாரோ ஒருவர் மனதில் ஏற்கெனவே பதிந்து கிடக்கும் பிம்பம் முடிவு செய்யும்.

யூசுஃபின் தொடர் இந்த விஷயத்தில் கறார். ஹுசைன் குடும்பம் எகிப்துக் குடும்பம். ஊர் நியூ ஜெர்சி. கதை தொடங்குவது 2001 செப்டம்பர் 10, அதாவது நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுவதற்கு முந்தைய நாள். அப்பாவின் தொழில் ஹலால் தள்ளுவண்டி. இந்த நாலு முடிவிலேயே முக்கால்வாசி ஜோக்குகள் கிடைத்துவிடுகின்றன.

தள்ளுவண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். "அப்பா கடை வைத்திருக்கிறார்" என்று எழுதினால் அங்கே கதை கிடையாது. நியூயார்க் ஹலால் வண்டி என்றால் உள்ளே நுழைந்ததும் கதைதான். இன்று பெரிய சங்கிலிக் கடையாக இருக்கும் 'ஹலால் கைஸ்' 1990-இல் எகிப்தியர்கள் மன்ஹாட்டனில் போட்ட ஹாட் டாக் வண்டி. டாக்ஸி ஓட்டும் முஸ்லிம்களுக்குச் சாப்பிட எதுவும் கிடைப்பதில்லை என்று பார்த்துத்தான் சோற்றின் மேல் கோழியும் கறியும் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஃபாயில் தட்டு, மேலே கோடு கோடாக வெள்ளை சாஸ், எச்சரித்தும் கேட்காதவர்களுக்குச் சிவப்பு சாஸ். இதற்குப் பின்னால் இருக்கும் பெர்மிட் கூத்து இன்னும் ருசி. 1980-களிலேயே அந்த நகரம் உணவு வண்டி பெர்மிட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. அதனால் பல வியாபாரிகள் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும் பெர்மிட்டை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துக் கள்ளத்தனமாக வாடகைக்கு எடுத்துத்தான் வண்டி தள்ளினார்கள். பெர்மிட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஏற்றினால்? செத்துப்போனால்? ஒரு சீசனுக்கே தாங்கும்.

நாடு என்றால் நாட்டுக்குள்ளும் போக வேண்டும். நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் எகிப்தியர்கள் நிறைய. அவர்களில் பலர் காப்டிக் கிறிஸ்தவர்கள், எகிப்தின் பழைய கிறிஸ்தவப் பிரிவினர். வலது மணிக்கட்டின் உட்பக்கம் சின்னச் சிலுவை பச்சை குத்தியிருப்பார்கள். 2001 செப்டம்பர் 12 காலையில் அந்தக் காப்டிக் பக்கத்து வீட்டுக்காரர் சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடித்துவிடுவார் என்று யோசித்துப் பாருங்கள். என் கைக்கு வந்த ஸ்கிரிப்டுகளில் ஒன்றிலாவது இப்படி ஒருவர் இல்லை. அதற்குப் பதில் என்ன இருக்கிறது தெரியுமா? லாகூரிலிருந்து வந்த அப்பா, மகனை "ஹபீபி" என்று கூப்பிட்டுக்கொண்டு ஹம்மஸ் சாப்பிடுகிறார். அம்மா தலை முதல் கால் வரை மூடும் ஈரானியக் கறுப்புச் சாதரில் இருக்கிறார். மூன்று நாட்டை ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டு "யதார்த்தமான குடும்ப நகைச்சுவை" என்று அட்டையில் வேறு எழுதியிருக்கிறார்கள்.

வருடமும் அப்படித்தான். நோன்புக் காட்சி எழுதாதவர்கள் இல்லை. எல்லோரும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்பத்தை மேசையில் உட்கார வைக்கிறார்கள். நோன்பு மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பது நம் தெருப் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களுக்குக்கூடத் தெரியும். 2001-இல் ரமலான் தொடங்கியது நவம்பர் நடுவில். அப்போது நியூ ஜெர்சியில் நாலரை மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும். அப்படியென்றால் பையன் ஸ்கூல் பஸ்ஸிலோ கூடைப்பந்துப் பயிற்சியிலோ நோன்பு திறக்க வேண்டும். தாக்குதல் நடந்து இரண்டே மாதம். வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுப்பானா மாட்டானா? காலண்டரைப் பார்த்திருந்தால் காட்சி தானாகக் கிடைத்திருக்கும்.

கடைசியாக, ஒவ்வொருவர் கையிலும் என்ன காகிதம் இருக்கிறது என்பது. 2002-இல் அமெரிக்க அரசு ஒரு சிறப்புப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயது தாண்டிய ஆண்கள் நேரில் போய்க் கைரேகை கொடுத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வட கொரியாவைத் தவிர மற்றவை பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் நாடுகள். எகிப்தும் அதில் இருந்தது. ஆனால் அது தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு மட்டும். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு இருந்தவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆக ஒரே வீட்டில் அப்பா போக வேண்டாம், மாமா போக வேண்டும், அமெரிக்காவில் பிறந்த பையன் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பான். யாருக்கு என்ன விசா என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைக்காதவர்களால் இந்த எபிசோடை எழுதவே முடியாது.

உச்சரிப்பையே ஜோக்காக்குவது

'சிம்ப்சன்ஸ்' அனிமேஷன் தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அபுவின் கதை எல்லோருக்கும் தெரியும். அபு முஸ்லிம் பாத்திரம் இல்லைதான், ஆனால் பாடம் அதேதான். 1990-இல் வந்த பாத்திரம். 2017-இல் இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு அந்த உச்சரிப்பைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக் கேள்வி கேட்டார். 2020-இல் அபுவுக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளைக்கார நடிகர் ஹாங்க் அசேரியா அந்தக் குரலை விட்டார்.

எல்லோருக்கும் தெரியாத தொழில் விஷயம் ஒன்று உண்டு. இந்த மாதிரித் தொடர்களில் முதலில் குரல், பிறகுதான் படம். பதிவான வசனத்தை வைத்துத்தான் அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டுப் படங்களை ஒலியோடு கோத்த மாதிரிப் படம்) வெட்டுகிறோம், அந்த ஒலிக்குத்தான் வாயசைவு போடுகிறோம். பொத்தாம் பொதுவான 'அரபு உச்சரிப்பில்' ஒருவர் பேசித் தொலைத்துவிட்டால், பிறகு கெய்ரோக்காரரைக் கூட்டிவந்து பேச வைத்தாலும் நேரம் பொருந்தாது, வாயும் பொருந்தாது. குரல் பதிவு நாளன்றே அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆலோசகரைக் கடைசியில் கூப்பிடுவது மரியாதைக்கு உதவும், படத்துக்கு உதவாது.

நல்ல முஸ்லிம் அப்பா

தினமும் ஒருவருக்கு உதவி செய்து, எபிசோடு முடிவில் சமாதானம் பேசும் அப்பாவை யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் கஞ்சனாக இருக்கட்டும்.

வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே உருவம்

ஹுசைன் குடும்பம் வாசலைத் தாண்டியதும் உடையும் பேச்சும் மாறிவிடும். உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள். வெளிநாட்டில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு இது புரிய விளக்கம் வேண்டாம். வசனத்தில் அரைப் பக்கம் அழவேண்டியதை ஒரு கதவு செய்துவிடுகிறது. இந்த ஊடகத்தில்தான் இது முடியும். புதிதாக எழுதுபவர்களோ மகனைக் கட்டிலில் உட்கார வைத்து "நான் யார்?" என்று பேச விடுகிறார்கள். அனிமேஷனில் உட்கார்ந்து பேசும் தலைகளுக்கு எதற்கு இத்தனை பேர் ராத்திரி கண்விழிக்க வேண்டும்?

தூக்கத்திலும் ஹிஜாப்

அம்மா சமையலறையில் ஹிஜாப், மகளுடன் ஹிஜாப், கட்டிலில் போர்வைக்குள்ளும் ஹிஜாப். கணவன், பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில் எதற்கு? அறியாமை ஒரு காரணம், கஞ்சத்தனம் இன்னொரு காரணம். முடியோடு ஒரு டிசைன், துணியோடு ஒரு டிசைன் என்றால் இரண்டு மாடல் ஷீட் (பாத்திரத்தின் மாதிரி வரைபடம்), இரண்டு திருப்பல் (எல்லாப் பக்கமும் திருப்பி வரைவது), இரட்டைச் செலவு. தயாரிப்பாளர் ஒன்றோடு நிறுத்தத்தான் பார்ப்பார். அதனால் ஸ்கிரிப்டிலேயே இரண்டும் தேவைப்படுகிற மாதிரி ஒரு காட்சி வையுங்கள்: அழைப்பு மணி அடிக்கிறது, அம்மா கைக்குக் கிடைத்த டிஷ் டவலைத் தலையில் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறார், எதிரே நிற்பது பீட்சா பையன். அந்தக் காட்சியைத் தயாரிப்பாளர் ரசித்துவிட்டால் இரண்டாவது டிசைனை வெட்ட முடியாது.

வெள்ளைக்காரர் எல்லாம் வில்லன்

இல்லை. அதிகமாக நல்லவராக நடந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்தான் சிரிப்பு.

மசூதிக் காட்சியில் ஷூ

கழற்ற வையுங்கள். ஷூ ராக்கையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் வரையமாட்டார்கள். அப்பா தொழுது முடித்து வரும்போது அவருடைய ஒரு ஷூவைக் காணோம் என்றால் எபிசோடு அங்கிருந்தே தொடங்கலாம்.