பின்னால் வரும் வண்டி விடாமல் துரத்தினால்

ஒருமுறை இரவில் திண்டிவனம் தாண்டி சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தேன். நான் முந்திய கார் ஒன்று ஹெட்லைட்டை அடித்து அடித்து என் வண்டியை ஒட்டியே வந்தது. அம்மா பக்கத்தில் இருந்தார். ஆத்தூர் சுங்கச்சாவடியின் வெளிச்சத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது விலகியது. இப்படித் துரத்தினால் என்ன செய்வது என்பதைப் புதிதாக வண்டி ஓட்டும் எல்லோரும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

1. முதலில் வழி விடுங்கள். இடப்பக்கம் ஒதுங்கி, வேகத்தை மெல்லக் குறையுங்கள். பாதிப் பேர் முந்திப் போய்விடுவார்கள். பிரேக்கைச் சட்டென்று மிதித்துப் பயமுறுத்துவதும் கையை நீட்டித் திட்டுவதும் வேண்டாம். தவறு அவர் மீதே இருந்தாலும் சரி, நியாயம் கேட்கும் இடம் சாலை அல்ல.

2. துரத்தல்தானா என்று உறுதிசெய்யுங்கள். நகரத்துக்குள் என்றால், நன்கு தெரிந்த தெருக்களில் நான்கு முறை இடப்பக்கம் திரும்புங்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அப்போதும் அதே வண்டி பின்னால் இருந்தால் அது தற்செயல் அல்ல. தெரியாத ஊரில் இதைச் செய்யாதீர்கள், முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

3. வீட்டுக்குப் போகாதீர்கள். பயந்தவுடன் மனம் வீட்டைத்தான் தேடும். ஆனால் அங்கே போனால் உங்கள் முகவரியை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். கேட்டைத் திறக்க இறங்கும் அந்த அரை நிமிடம்தான் மிக ஆபத்தானது. காவல் நிலையம், ஆட்கள் இருக்கும் பெட்ரோல் பங்க், மருத்துவமனையின் அவசரப் பிரிவு, சுங்கச்சாவடி என்று வெளிச்சமும் கேமராவும் இருக்கும் இடத்துக்குப் போங்கள். "டயரில் காற்று இல்லை", "இடித்துவிட்டுப் போகிறாய்" என்று சைகை காட்டினாலும் அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும். இருசக்கர வாகனத்தில் வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்குப் பூட்டிக்கொள்ளக் கதவு இல்லை.

4. அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். தனியாக இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். எந்தச் சாலை, எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள், கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல், அந்த வண்டியின் நிறம், பதிவு எண்: இந்த வரிசையில் சொல்லுங்கள். எண் முழுதாகத் தெரியாவிட்டால் கடைசி நான்கு இலக்கங்களைச் சொன்னாலும் உதவும்.

5. மறித்துவிட்டால் இறங்காதீர்கள். கதவு பூட்டியிருக்கட்டும், கண்ணாடி மேலேறியிருக்கட்டும், என்ஜின் ஓடட்டும். ஹாரனை விடாமல் அழுத்துங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால் ரிவர்ஸில் விலகுங்கள். சிக்னலில் நிற்கும்போதே முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரியும் அளவுக்கு இடைவெளி விடப் பழகிக்கொள்ளுங்கள். ஒடித்துத் திருப்பி வெளியேற அந்த இடம் போதும்.

6. தப்பித்த பிறகு, கை நடுக்கம் அடங்கியதும் நேரம், இடம், எண் ஆகியவற்றை எழுதிவையுங்கள். வண்டியில் டேஷ்கேம் (சாலையைப் பதிவுசெய்யும் கேமரா) இருந்தால் அதன் மெமரி கார்டை அன்றே கழற்றிவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பழைய பதிவின் மேல் புதியது பதிந்துவிடும். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "ஒன்றும் நடக்கவில்லையே" என்று யாராவது சொன்னாலும் கொடுங்கள். அதே எண் நாளை வேறொருவரின் புகாரிலும் வரலாம்.