பைக்குக்கு பிரேக் பேட் வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்த பேடை வாங்கி, தினமும் ஆபீஸ் போய்வரும் பைக்கில் மாட்டுவதில் இருந்தே ஆரம்பிக்கலாம். பாதுகாப்பு வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், காசையும் கூடக் கொடுத்து, இருந்த பாதுகாப்பையே குறைத்துக்கொள்கிற தவறு இது. ரேஸ் பேட் சூட்டில் பிடிப்பதற்காகச் செய்தது. டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பெரிய வேகத்தில் இருந்து திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிப்பதால் டிஸ்க் சில நூறு டிகிரிக்குச் சூடாகிவிடும், அந்தச் சூட்டிலும் பிடிப்பு விட்டுப்போகக் கூடாது என்பதுதான் அதைத் தயாரித்தவர்களின் கவலை. நீங்கள் காலையில் கிளம்பி இரண்டாவது தெருவைத் தாண்டுவதற்குள் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால், அப்போது உங்கள் டிஸ்க் ராத்திரி முழுக்க நின்றிருந்த வண்டியின் டிஸ்க், தொட்டால் சில்லென்று இருக்கும். அந்த நிலையில் ரேஸ் பேட் முதல் அமுக்கில் ஒழுங்காகப் பிடிக்காது.

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறது. பேட் பிடிக்கத் தொடங்க அரை வினாடி தாமதித்தால் 8 மீட்டருக்கு மேல் சும்மா போய்விட்டது என்று அர்த்தம். அதனால் தெருவில் ஓடும் பைக்குக்குப் பேட் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, குளிர்ந்த டிஸ்க்கில், மழையில் நனைந்த டிஸ்க்கில், முதல் அமுக்கிலேயே இது பிடிக்குமா என்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, பேட் எதனால் ஆனது என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஆர்கானிக் என்பது இழைகள், ரப்பர், இன்னும் சில பொருள்களைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்தது. மென்மையாகப் பிடிக்கும், லிவரை எவ்வளவு அமுக்குகிறீர்களோ அவ்வளவு பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும், நல்ல சூட்டில் பிடிப்பு குறையும், மழையிலும் கொஞ்சம் பின்தங்கும். சின்டர்ட் என்பது உலோகத் தூளை, பெரும்பாலும் செம்பு கலந்த தூளை, அழுத்தமும் வெப்பமும் கொடுத்து ஒன்றாக இறுக வைத்துச் செய்தது. குளிரிலும் பிடிக்கும், தண்ணீரிலும் பிடிக்கும், சூட்டையும் தாங்கும், நீண்ட நாள் வரும். அதற்குப் பதிலாக டிஸ்க்கை வேகமாகத் தின்னும், சில வண்டிகளில் கிரீச்சென்று கத்தும், உருவான சூட்டை, பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் அதிகமாகக் கடத்தும். செமி மெட்டாலிக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இந்த மூன்றையும் சுமார், பரவாயில்லை, சூப்பர் என்று படி வைத்துப் பார்க்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். பேட் எப்போதும் தன் டிஸ்க்கோடு ஜோடியாகத்தான் வேலை செய்யும். சின்டர்ட் பேடுக்கு ஏற்ற கடினமான ஸ்டீல் டிஸ்க் உள்ள வண்டியில் சின்டர்ட் அருமையாக இருக்கும். ஆர்கானிக் பேடை மனதில் வைத்துச் செய்த மெல்லிய டிஸ்க் உள்ள சின்ன கம்யூட்டர் வண்டியில் அதே பேடைப் போட்டால், கொஞ்ச நாளில் டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்து, டிஸ்க்கையே மாற்ற வேண்டிவரும், அதன் விலை பேடின் விலையைப் போலப் பல மடங்கு. பழைய வார்ப்பிரும்பு டிஸ்க் வைத்த வண்டி உங்களிடம் இருந்தால் சின்டர்ட் பக்கமே போக வேண்டாம். கம்பெனி எந்த வகை பேடைப் போட்டு அனுப்பியதோ அதே வகையில் நல்ல தரமானதை வாங்குவது, தெருவில் ஓட்டுகிற பத்தில் ஒன்பது பேருக்குப் போதும் என்பது என் கருத்து. மழைக்காலத்திலும் தினமும் ஓட்டுகிறவர், பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால், உங்கள் டிஸ்க்குக்கு ஒத்துவரும் என்று பேட் தயாரிப்பாளரே பட்டியலில் போட்டிருக்கிற பட்சத்தில் முன்சக்கரத்துக்கு மட்டும் சின்டர்ட் போடலாம்.

டிஸ்க் பற்றிப் பேசும்போதே ஒன்று. டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. அந்த அளவுக்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கில் எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் அது வீண்செலவு, ஆபத்தும் கூட. அளக்கும்போது டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பை அளந்துவிட்டு நிறைய இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், பேட் உரசுகிற இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

இனி பேடில் போட்டிருக்கும் ஹெச்ஹெச் என்ற குறியீட்டின் விஷயம். பேடின் பின்பக்க இரும்புத் தகட்டிலோ அட்டையிலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், ஜிஜி, எஃப்எஃப், ஹெச்ஹெச் என்று. இது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் உராய்வுக் குறியீடு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில் உள்ள உராய்வு. எஃப் என்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பைச் சொல்லும் எண், 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, ஹெச் என்றால் 0.55க்கு மேல். இதைத் தர முத்திரை என்று நினைத்து ஹெச்ஹெச் இருந்தால்தான் வாங்குவேன் என்று நிற்பவர்கள் நிறையப் பேர். அந்த எழுத்து பேட் எத்தனை நாள் வரும் என்று சொல்லாது, டிஸ்க்கை எவ்வளவு தேய்க்கும் என்று சொல்லாது, மழையில் எப்படி என்றும் சொல்லாது. ஒரு அங்குலச் சதுரத் துண்டை வெட்டி, சோதனை இயந்திரத்தின் டிரம்மில் அழுத்திப் பார்த்து வாங்கிய எண் அது. முக்கியமாக, அந்த முதல் எழுத்துக்கான அளவே சுமார் 90 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடுத்ததுதான். காலையில் வீட்டு வாசலில் நிற்கும் டிஸ்க்கைப் பற்றி இரண்டு எழுத்துமே எதுவும் பேசவில்லை. முன்பு இருந்த பேடின் குறியீட்டையும் புதியதன் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது உதவும், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலமான பேட் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. இப்போது இருக்கும் பேடிலேயே இரண்டு விரலால் அமுக்கினால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் துடிக்க ஆரம்பிக்கிறது என்றால், டயர் தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் உராய்வு உள்ள பேட் போட்டால் லிவரை அமுக்கத் தேவையான பலம் குறையும், நிற்கும் தூரம் குறையாது. அந்த இடத்தில் காசு செலவழிக்க வேண்டியது நல்ல டயருக்குத்தான். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் விற்கும் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், ஆனால் பல வண்டிகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. ஏபிஎஸ் இல்லாத பின்சக்கரத்தில் கடுமையாகப் பிடிக்கும் பேடைப் போடுவது தவறு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்துவிடும், பின்சக்கரம் லேசாகிவிடும், லேசான சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். பின்னால் மென்மையான ஆர்கானிக் இருப்பதுதான் நல்லது, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வகை என்று செட்டாக வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்பதும் இதில் அதிகம். பிரேக் சரியில்லை என்றாலே பேடை மாற்றிவிடுகிறார்கள். லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயிலில் காற்று இருக்கிறது அல்லது ஆயில் பழசாகிவிட்டது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வண்டியின் பிரேக் ஆயில் மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள், டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், மற்றதோடு கலக்கக் கூடாது. கழற்றிப் பார்க்கும்போது ஒரு பேட் பாதி இருந்து இன்னொன்று தகடு வரை தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர்வதற்கான கம்பி (ஸ்லைடர் பின்) இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்து சரியான கிரீஸ் வைக்காமல் புதுப் பேடை மாட்டினால் புதியதும் அதே மாதிரி ஒருபக்கமாகத்தான் தேயும். பிரேக் பிடிக்கும்போது லிவர் விரலில் துள்ளுகிறது என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

கடையில் நிற்கும்போது, வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் விற்கும் வண்டியில்கூட வருடத்துக்கு வருடம், ஏபிஎஸ் உள்ளது இல்லாதது என்று காலிப்பர் மாறியிருக்கும். பழைய பேடைக் கையோடு எடுத்துப்போய் வடிவம், ஓட்டைகள் இருக்கும் இடம், தகட்டின் தடிமன் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள், அல்லது தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். ஈபிசி கம்பெனியின் பேட் என்றால் எஃப்ஏ என்று தொடங்கும் எண் வடிவத்தைச் சொல்லும், கடைசியில் ஹெச்ஹெச் இருந்தால் சின்டர்ட். டியூக், ராயல் என்ஃபீல்டு 650 போன்றவற்றில் வரும் பைப்ரே காலிப்பர் பிரெம்போ நிறுவனத்தின் பிராண்டுதான், அதற்காகப் பெரிய பைக்கின் பிரெம்போ பேட் எல்லாம் அதில் உட்கார்ந்துவிடாது. ஊர்பேர் இல்லாத அட்டையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பேடில் எனக்குப் பெரிய பயம், உராய்வுப் பகுதி தகட்டில் இருந்து பெயர்ந்து வருவதுதான். பேட் தேய்ந்தால் முன்கூட்டியே தெரியும், பெயர்ந்து வந்தால் பிரேக் பிடிக்கும் அந்த நொடியில்தான் தெரியும். கம்பெனி பேட் அப்படி ஒன்றும் யானை விலை இல்லை.

எப்போது மாற்றுவது என்பதில் சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வரும்போது டிஸ்க் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் பேடின் நடுவில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள், அது மறைந்தால் மாற்ற வேண்டும். பொதுவாக 1 மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை, 2 மில்லிமீட்டர் வந்ததுமே வாங்கி வைத்துவிடுவது நிம்மதி. வெளியே தெரிகிற பேடை மட்டும் பார்க்காமல் டார்ச் அடித்து உள்பக்கப் பேடையும் பாருங்கள். இரண்டு டிஸ்க் முன்னால் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாட்டுகிற நேரத்தில் நல்ல பேடும் கெட்டுப்போகும். கிரீஸ் கையோடு பேடின் முகத்தைத் தொடுவது, பக்கத்திலேயே செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிப்பது, கழுவிய பிறகு பளபளப்புக்காக அடிக்கும் ஸ்பிரே டிஸ்க்கில் படுவது, இதெல்லாம் பேடுக்கு விஷம். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம், எண்ணெய் ஊறிய பேடை உப்புத்தாளில் தேய்த்தாலும் நெருப்பில் காட்டினாலும் முழுதாகச் சரியாகாது, தூக்கிப்போட வேண்டியதுதான். பழைய தூசியைக் காற்றுக்குழாயால் ஊதவிடாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டாலும் மூச்சுக்குள் போகக் கூடாத தூசி அது. மெக்கானிக் தம்பியின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பேட் மாட்டியதும் லிவர் காலியாக இருக்கும், அது கெட்டியாகும் வரை பலமுறை அமுக்கிவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும், இல்லையென்றால் முதல் அமுக்கில் பிரேக்கே இருக்காது. அப்புறம் கூட்டமில்லாத ரோட்டில் 50, 60 வேகத்தில் இருந்து 20 வரை நிதானமாகப் பிடித்து விடுவதை, நடுவில் டிஸ்க் ஆறுவதற்கு இடம் கொடுத்து, இருபது முப்பது தடவை செய்யுங்கள். பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க்கில் சமமாகப் படிந்தால்தான் முழுப் பிடிப்பு வரும், முதல் சில நூறு கிலோமீட்டர் வரை அது படிப்படியாக வந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே ஓட்டினால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். புதுப் பேட் போட்ட மறுநாளே கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தின் 36 வளைவுகளுக்கோ கிளம்பாதீர்கள். ஆர்கானிக் பேட் முதல் தடவை நன்றாகச் சூடாகும்போது அதில் உள்ள பிசின் வாயுவாக வெளியேறி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் புகுந்து பிடிப்பைக் குறைக்கும், அது நடக்கக் கூடாத இடம் மலை இறக்கம். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிப் பழக்கிவிட்டு, அப்புறம் முதல், இரண்டாவது கியரில் இன்ஜினையும் பிடிக்க விட்டு இறங்குங்கள்.