மாடல் ரயிலின் சரக்குப் பெட்டியில் சாக்பீஸ் குறியும் கிராஃபிட்டியும் போடுவது எப்படி

துரு, தூசி எல்லாம் அழகாக ஏற்றிய அமெரிக்க பாக்ஸ்கார் (மூடிய சரக்குப் பெட்டி) மாடலைக்கூட ஒரு தடித்த வெள்ளைக் கோடு பொம்மையாக்கிவிடும். ஹெச்ஓ என்ற மாடல் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நிஜத்தில் சாக்பீஸ் கோடு சுமார் 1 செ.மீ. அகலம் இருக்கும் என்றால், மாடலில் அது வெறும் 0.12 மி.மீ. கையில் இருக்கும் 0.5 மி.மீ. பேனாவால் இழுத்தால், நிஜப் பெட்டியில் 4 செ.மீ.க்கு மேல் அகலமான கோடு போட்டதற்குச் சமம். எழுத்துக்கும் இதே கணக்குதான். 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குக் கிறுக்கிய எண், மாடலில் 1.2 முதல் 1.7 மி.மீ. வரைதான் வர வேண்டும்.

அடுத்தது இடம். பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டின் ஊழியர் தரையில் நின்றபடி, கை எட்டும் இடத்தில் எழுதுவார். தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தரையிலிருந்து 14 முதல் 23 மி.மீ. உயரத்துக்குள் குறிகள் நெருக்கமாக இருக்கட்டும். அதற்கு மேலே சுத்தமாக விடுங்கள். கூரையோரம் சாக்பீஸ் குறி இருந்தால், ஏணி போட்டு எழுதியது யார் என்ற கேள்வி வந்துவிடும்.

எந்தக் காலத்து ரயில் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1950களின் பெட்டி என்றால் சாக்பீஸ்தான்: எந்தத் தடத்துக்குப் போக வேண்டும் என்ற எண், ஊர்ப் பெயரின் சுருக்கம், பழுதைக் காட்டும் அம்புக்குறி. கதவிலும் பெட்டி முனையிலும் அட்டை குத்தும் சிறு பலகைகள் உண்டு. அங்கே 1 மி.மீ. அளவில் கிழிந்த காகிதத் துணுக்கு ஒன்றிரண்டை ஒட்டினால் பெட்டிக்கு உயிர் வரும். ஸ்ப்ரே டப்பா 1949இலேயே வந்துவிட்டாலும், பெட்டி நீளத்துக்கு வண்ண எழுத்துகள் சரக்கு ரயிலில் பரவியது 1980களில்தான். 1989 மே மாதத்தில் நியூயார்க் சுரங்க ரயில் தன் கடைசி கிராஃபிட்டிப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதன் பிறகு சரக்குப் பெட்டிகளில் இது இன்னும் பெருகியது. நீராவி இஞ்சினுக்குப் பின்னால் வண்ண கிராஃபிட்டி வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது 'மானிக்கர்': ரயில் தொழிலாளர்களும் திருட்டுப் பயணம் போகும் ஹோபோக்களும் ஒரே உருவத்தை ஊர் ஊராக வரைந்து அனுப்பும் வழக்கம். அர்கன்சாவின் கர்டனில் மிசௌரி பசிஃபிக் ரயில்வேயில் பிரேக்மேனாக (பிரேக், பெட்டி இணைப்புகளைக் கவனிப்பவர்) இருந்த பஸ் பிளர், 1971இல் 'கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ்' உருவத்தை வரையத் தொடங்கினார்: தொப்பி வைத்து, பைப் பிடிக்கும் பக்கவாட்டு முகம், அடியில் சில சொற்கள். இந்தப் படங்களை எண்ணெய் கலந்த பெயின்ட் குச்சியால் வரைவார்கள். அதனால் வருடக்கணக்கில் நிற்கும். சாக்பீஸோ மழையில் கரைந்துவிடும். ஆகவே மானிக்கர் தூசிக்கு அடியில் மங்கியிருக்கலாம், சாக்பீஸ் குறி எப்போதும் தூசிக்கு மேலேதான் வரும். வேலையின் வரிசையே இதிலிருந்து பிறக்கிறது.

முதலில் பெட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். கிராஃபிட்டிக்கு டீக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) ஒட்டுவதானால் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி போல் மின்னும். மைக்ரோஸ்கேல், ப்ளேர் லைன் போன்ற நிறுவனங்கள் ஆயத்த டீக்கல் தருகின்றன. நீங்களே இங்க்ஜெட்டில் அச்சடித்தால் இரண்டு சிக்கல். ஒன்று, அந்த இயந்திரம் வெள்ளை மை அடிக்காது. பழுப்புப் பெட்டியில் நிறங்கள் செத்துவிடும், எனவே வெள்ளை டீக்கல் தாளில் அடித்து ஓரம் ஒட்ட வெட்டுங்கள். இரண்டு, மை தண்ணீரில் கரையும். நனைப்பதற்கு முன் தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரேயை மெல்லிசாக மூன்று பூச்சு கொடுங்கள்.

பெட்டியின் எண்ணையும் ரயில்வே குறியையும் மறைக்காதீர்கள். நிஜத்தில் வரைபவர்கள் பலர் அவற்றை விட்டுவிடுவார்கள். மறைத்தால் ரயில்வே அதன் மேல் பெயின்ட் அடித்து எண்ணை மறுபடி எழுதும். அந்த ஒட்டுப்போட்ட சதுரத்தையும் மாடலில் காட்டலாம்: பெட்டி நிறத்திலிருந்து கொஞ்சம் விலகிய நிறம், நடுவில் புது வெள்ளை எண்.

ரிப் (பெட்டிச் சுவரில் புடைத்து நிற்கும் வரி) உள்ள இடத்தில் டீக்கல் பாலம் போலத் தூக்கி நிற்கும். கூர்மையான பிளேடால் மடிப்போரம் கீறி, மைக்ரோ சால் என்ற டீக்கல் இளக்கும் திரவத்தைத் தடவுங்கள். உடனே சுருங்கி பயமுறுத்தும். கை வைக்காதீர்கள், உலரும்போது தானே படியும். தொட்டால் கிழியும்.

பிறகு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், அதன் மேல் துரு, தூசி. கடைசியாகத்தான் சாக்பீஸ். பென்சில் பற்றுவதற்குப் பரப்பு மேட்டாக இருந்தே ஆக வேண்டும், பளபளப்பில் வழுக்கும். மெழுகு கலந்த மென்மையான வெள்ளைப் பென்சிலின் முனை இரண்டு எழுத்திலேயே மழுங்கிவிடும், கடினமான வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் முனையைச் சீவி, உப்புத்தாளில் உருட்டுங்கள். அழுத்தாமல், மணிக்கட்டை வேகமாக வீசி எழுதுங்கள்; நிதானமாக எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். சில எழுத்துகள் பாதியில் அறுந்தாலும் பரவாயில்லை. ஒன்றிரண்டு குறிகளை ஈர விரலால் லேசாகத் தேய்த்தால் மழையில் நனைந்த பழசாகத் தெரியும்.

இதற்கு மேல் கனமாக வார்னிஷ் அடித்தால் வெள்ளை மங்கி, பாதி காணாமல் போகும். பெட்டியைக் கையால் அடிக்கடி தூக்குவீர்கள் என்றால் மட்டும், 30 செ.மீ. தள்ளி நின்று ஒரே ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். அப்படியானால் குறிகளை முன்பே கொஞ்சம் தூக்கலாக எழுதியிருங்கள். லாக்கர் வகை மேட் வார்னிஷ் மேல் ஆல்கஹால் கலந்த கழுவல் (நீர்த்த நிறப்பூச்சு) போட்டால் வெண்மூட்டம் படியும். அதே வார்னிஷை மறுபடி மெல்லிசாக அடித்தால் தெளியும்.