மெடிச்சி மாளிகை: பலரும் தவறும் இடங்கள்

இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் காவூர் தெருவில் நிற்கும் மாளிகையின் முழுப்பெயர் மெடிச்சி ரிக்கார்தி. பின்பாதியை விட்டுவிடுவதுதான் முதல் தவறு. அதை விட்டால் கட்டடத்தின் கதையில் பாதி போய்விடும்.

1444-ல் கோசிமோ தெ மெடிச்சிக்காகக் கட்டடக் கலைஞர் மிக்கெலோட்ஸோ இதைக் கட்டத் தொடங்கினார். தெருப்பக்கம் அப்போது மேல்தளத்தில் பத்து ஜன்னல்கள்தான். இன்று பதினேழு. 1659-ல் மாளிகையை வாங்கிய ரிக்கார்தி குடும்பம் பழைய பாணியிலேயே ஏழு ஜன்னல் அகலத்துக்கு முகப்பை நீட்டியது. ஒட்டு தெரியாத அளவு நேர்த்தி. அதனால்தான் முழு முகப்பையும் மிக்கெலோட்ஸோவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஜன்னல் வளைவுகளை அண்ணாந்து பாருங்கள்: மெடிச்சிகளின் சின்னம் உருண்டைகள், ரிக்கார்திகளின் சின்னம் சாவி.

'அரண்மனை' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழில் அப்படி எழுதியதும் கூடவே ராஜாவும் வந்துவிடுவார். கோசிமோ வங்கி நடத்தியவர். ஃப்ளோரன்ஸ் அன்று குடியரசு. நகரையே அவர் ஆட்டுவித்தாலும் பட்டம் எதுவும் கிடையாது. மாளிகை என்பதே பொருத்தம். அதே நகரின் பிட்டி மாளிகையோடும் இதைக் குழப்ப வேண்டாம். மெடிச்சிகள் அங்கே குடியேறியது ஒரு நூற்றாண்டு கழித்து, டியூக்குகள் ஆன பிறகு.

உள்ளே உள்ள சிறு வழிபாட்டறையில் 1459-ல் பெனோட்ஸோ கொட்ஸோலி தீட்டத் தொடங்கிய, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் ஊர்வலம் இருக்கிறது. பொன்னிற உடையில் குதிரைமேல் வரும் இளைஞனைக் காட்டி, "இவர்தான் லோரென்ஸோ" என்பார்கள். கோசிமோவின் பேரனான லோரென்ஸோவுக்கு அப்போது வயது பத்து! அவருடைய உண்மைச் சாயல் பின்னால் வரும் கூட்டத்துச் சிறுவர் முகங்களில் ஒன்று என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த இளைஞனைவிட இந்தச் சிறுவன்தான் என்னை அதிக நேரம் நிறுத்திவைப்பவன்.

மெடிச்சிகளிடமிருந்து மாளிகை நேராக அரசுக்குப் போனது என்பதும் தவறு. ரிக்கார்திகள் கையில் ஒன்றரை நூற்றாண்டு இருந்து, 1814-ல்தான் ஃப்ளோரன்ஸை ஆண்ட டஸ்கனி அரசுக்கு வந்தது. 1865 முதல் 1871 வரை ஃப்ளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்தபோது உள்துறை அமைச்சகம் இங்கே இயங்கியது. 1874-ல் மாகாண நிர்வாகம் வாங்கியது.

அருங்காட்சியகம் என்று மட்டும் நினைத்துப் போகிறவர்களும் உண்டு. நகர்ப் பெருமண்டல நிர்வாகத்தின் தலைமையிடம் இன்றும் இதுதான். நீங்கள் ஓவியம் பார்க்கும் அதே கூரையின்கீழ் கோப்புகளும் நகர்ந்துகொண்டிருக்கும்.