ஃபோல்டர் யார் பெயரில்? ஆய்வுத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தரமணியில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தம்பி, சேர்ந்த இரண்டாம் நாளே கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லோருக்கும் எடிட்டர் அனுமதி கொடுத்து, வாட்ஸப் குழுவில் லிங்க்கைப் போட்டார். சுறுசுறுப்பான பிள்ளை. ஆனால் அந்த லிங்க்கைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் செய்ததும் இதேதான்.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள் என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

சொந்தக் கணக்கில் ப்ராஜெக்ட் ஃபோல்டர்

திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை, கடலோரத் தெருக்களில் வீட்டுக் கிணறுகளின் உவர்ப்பை அளக்கும் வேலை அது. ஒவ்வொரு கிணற்றிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை மின்கடத்துத்திறன் எடுக்க வேண்டும்; உப்பு கூடினால் அதுவும் கூடும். நிலத்தடியில் புகுந்த உப்பை மழை எவ்வளவு தணிக்கிறது என்பது அந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நோட்டில் எழுதிப் பிறகு ஏற்றுவது இரட்டை வேலை என்று, கிணற்றடியில் நின்றபடியே போனில் ஷீட்டைத் திறந்து பதிந்தோம்.

ஃபோல்டரைத் திறந்தவர் ஒரு பிஎச்.டி. மாணவர், தன் மாணவர் மின்னஞ்சலில். மாஸ்டர் ஷீட்டை உருவாக்கியதும் அவரே. எங்கள் எல்லோருக்கும் எடிட்டர் அனுமதி இருந்தது. தினமும் திறந்தோம், எழுதினோம், திருத்தினோம். அது எங்களுடையது என்றே நினைத்துவிட்டோம்.

டிசம்பரில் அவர் படிப்பை முடித்து வெளிநாடு போனார். படிப்பை முடித்தவர்களின் கணக்கை மூடுவது வழக்கம், மூடினார்கள். அப்புறம் பொங்கல் விடுமுறை. ஜனவரி கடைசியில், மழைக்குப் பிந்தைய அளவுகளைப் பதிய ஷீட்டைத் தட்டினேன். திறக்கவில்லை. என் டிரைவில் அதன் ஷார்ட்கட் மட்டும் அப்படியே இருந்தது. அதை நகல் என்று நம்பியிருந்தேன். அது வெறும் கைகாட்டி மரம், அது காட்டிய ஊர் இல்லாமல் போயிருந்தது. நீக்கப்பட்ட கணக்கை நிர்வாகி 20 நாட்களுக்குள் மீட்க முடியும். நாங்கள் கேட்கப் போனபோது அந்தக் கெடு தாண்டிவிட்டது.

டிரைவில் ஒரு கோப்பு அதை உருவாக்கியவருக்கு, அல்லது ஏற்றியவருக்குச் சொந்தம். ஒரே ஃபோல்டரில் இருந்தாலும் நான் ஏற்றிய கிணற்றுப் படங்கள் என் பெயரில் பிழைத்தன, அவர் உருவாக்கிய ஷீட் அவர் கணக்கோடு போனது. ஆகஸ்டில் கைடுக்கு மெயிலில் அனுப்பிய பழைய நகல் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு அளந்த 58 கிணறுகளின் எண்கள் போனது போனதுதான். ஐப்பசிக்கு முந்தைய தண்ணீரைத் தை மாதத்தில் எப்படி அளப்பது? ஒரு வருடம் காத்திருந்து மறுபடி அதே வீடுகளின் கதவைத் தட்டினோம். "போன வருஷந்தானே கண்ணு மோந்துட்டுப் போனீங்க?" என்று ஒரு பாட்டி கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வீடுகளில் அடுக்குமாடி கட்டுவதற்காகக் கிணற்றையே தூர்த்துவிட்டார்கள்.

இன்றும் யாராவது "எனக்குத்தான் எடிட் ஆக்சஸ் இருக்கே" என்று சொன்னால் எரிச்சல் வருகிறது. வாடகைக்கு இருப்பவர் சுவரில் ஆணி அடிக்கலாம், பத்திரம் அவர் பெயரில் இல்லை.

சரி, என்ன செய்வது? உங்கள் நிறுவனக் கணக்கில் ஷேர்டு டிரைவ் வசதி இருந்தால் முதல் நாளே அதில் தொடங்குங்கள். அதில் வைக்கும் கோப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் கோப்பு இருக்கும். மேனேஜர் பொறுப்பில் குறைந்தது இரண்டு பேரை வையுங்கள். தனிப்பட்ட ஜிமெயிலில் தொடங்கிவிட்டால், கோப்பின் உரிமையை நிறுவனக் கணக்குக்கு மாற்ற கூகுள் விடாது. நகல் எடுத்தால் அதில் பழைய திருத்த வரலாறு வராது. அதனால்தான் முதல் நாள் என்கிறேன்.

இன்னொன்று. வெளியேறும் மாணவர், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூ படிவத்தில் நூலகம், விடுதி என்று கையெழுத்து வாங்கி அலைகிறார் அல்லவா? அந்தப் படிவத்தோடு எங்கள் ஆய்வகத்தில் ஒரு தாள் சேர்த்திருக்கிறோம். டிரைவில் தேடும்போது உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்தால், நம்மோடு பகிர்ந்தவற்றில் அவர் பெயரில் இருப்பவை பட்டியலாக வரும். அதில் ப்ராஜெக்ட் கோப்பு ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகே கையெழுத்து.

லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று விடுவது

லிங்க் குழுவைத் தாண்டிப் போகும். பெயர் பெயராக அனுமதி கொடுங்கள்.

மூலத் தரவில் எல்லோருக்கும் எடிட்டர்

ஒருவர் ஷீட்டில் ஒரே ஒரு பத்தியை (காலம்) மட்டும் தேர்ந்தெடுத்து ஏறுவரிசையில் அடுக்கிவிட்டார். கிணற்று எண் ஒரு பக்கம், உவர்ப்பு ஒரு பக்கம். பிழைச் செய்தி எதுவும் வராது, எண்களும் நம்பும்படியே இருக்கும். மூலத் தரவுக்குத் தனி ஃபோல்டர், எல்லோருக்கும் வியூவர், பதிகிற ஒருவருக்கு மட்டும் எடிட்டர். கணக்குப் போடுவதெல்லாம் நகலில்.

பெயரும் அளவும் ஒரே இடத்தில்

வீட்டுக்காரர் பெயர், போன் எண், கிணற்றின் ஜி.பி.எஸ். புள்ளி. இவற்றை அளவுகளோடு ஒரே ஷீட்டில் வைத்துவிட்டு அந்தப் பத்திகளை மறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எடிட்டர் அனுமதி உள்ளவர் ஒரு சொடுக்கில் திறந்துவிடுவார், எக்செல்லாக அனுப்பினால் வாங்கும் யாரும் திறக்கலாம். உள் ஃபோல்டரில் ஒதுக்கி வைத்தாலும் நம்ப வேண்டாம், மேல் ஃபோல்டரில் கொடுத்த அனுமதி தானாகக் கீழே இறங்கும். அடையாளக் கோப்பு வெளியே, தனி ஃபோல்டரில் இருக்கட்டும். அளவுகளில் வீட்டுக் குறியீடு மட்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம்மை நம்பி வாசல் திறந்தவர்களின் போன் எண் அது.

சிஹெச்மாட் 777

லினக்ஸ் சர்வரில் "பெர்மிஷன் டினைடு" (அனுமதி இல்லை) என்று வந்ததும், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் இந்தக் கட்டளைக்குத்தான் கை போகும். போடாதீர்கள். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு குரூப் உருவாக்கி, ஃபோல்டருக்கு 2770 கொடுங்கள்; உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. முன்னால் உள்ள அந்த 2, உள்ளே உருவாகும் புதிய கோப்புகளையும் அதே குரூப்பில் சேர்க்கும்.

போனவர்களின் அனுமதியை நீக்காமல் விடுவது

மே மாத இன்டர்ன் டிசம்பரிலும் எடிட்டராக இருப்பார். ஜிமெயில் கணக்குக்குப் பகிரும்போது காலாவதித் தேதி போடும் வசதி உங்கள் கணக்கில் இருந்தால் அன்றே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தம்பியின் ஃபோல்டரை நேற்று மாலை இருவரும் உட்கார்ந்து ஷேர்டு டிரைவுக்கு மாற்றினோம், 40 நிமிடம் ஆனது.