மாடித் தொட்டி நிரம்பப் போகிறதா? கூவிச் சொல்லும் அலாரம்

தொட்டி வழிந்து தண்ணீர் வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், 5 வோல்ட் பஸர் போதும்.

சென்சாரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மலிவான ஹெச்சி-எஸ்ஆர்04 தொட்டியின் ஈரத்தைத் தாங்காது; நீர்புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்கள். அதைத் தொட்டியின் மேலே, நீரைப் பார்த்தபடி பொருத்துங்கள். ஆனால் தன்னிடமிருந்து சுமார் 25 செ.மீ.க்குள் வந்த நீரை அது சரியாக அளக்காது. அதனால் 35 செ.மீ. தூரத்திலேயே பஸர் கூவட்டும்.

ஆர்டுயினோ பின்களில் இணைப்பு இப்படி: சென்சாரின் ட்ரிக் (துடிப்பு வாங்கும் முனை) 9, எக்கோ (எதிரொலி சொல்லும் முனை) 10, பஸர் 8. ட்ரிக்கில் 20 மைக்ரோ நொடித் துடிப்பு அனுப்பி, எதிரொலி திரும்பி வர ஆன மைக்ரோ நொடிகளை 58ஆல் வகுத்தால் தூரம் செ.மீ.இல் கிடைக்கும்.

அப்புறம், நீர் விழும்போது அலையடிக்கும். ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம்; ஒரே ஒரு தப்பான எதிரொலி அதைக் கெடுத்துவிடும்.

மோட்டாரையும் தானாக நிறுத்த ஆசையா? அந்த 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.